12 மணி நேர ஷிப்டில் 15 நிமிடம்

அக்டோபர் பிறந்துவிட்டால் நம் நாட்டுத் தொழிற்சாலைகளின் கேண்டீன் சுவர்கள் இளஞ்சிவப்பு நிறத்துக்கு மாறிவிடும். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். ரிப்பன் படம் போட்ட சுவரொட்டி, நுழைவாயிலில் பலூன் வளைவு, வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு பை. சுவரொட்டியின் அடியில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு: பிற்பகல் 3 மணிக்கு மருத்துவர் உரை, பெண் ஊழியர்கள் அனைவரும் வருக.

பிற்பகல் 3 மணிக்கு யார் வர முடியும் என்று யோசித்துப் பாருங்கள். காலை 7 மணி ஷிப்டில் நுழைந்த ஓப்பரேட்டர் அந்த நேரத்தில் மெஷினுக்கு முன்னால் நிற்கிறார். இரவு ஷிப்ட் ஓப்பரேட்டர் வீட்டில் ஜன்னல் திரையை இழுத்து விட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறார். நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு என்ற கணக்கில் ஓய்வில் இருப்பவர் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரப் போயிருப்பார். மிச்சம் இருப்பது அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள்தாம்.

வானொலியில் வேலை செய்வதால் இப்படிப்பட்ட சுகாதார தினங்களில் மைக் பிடிக்க என்னையும் கூப்பிடுவார்கள். ஓர் எலெக்ட்ரோனிக்ஸ் தொழிற்சாலையில் நிகழ்ச்சியை வழிநடத்தியபோது மேடையிலிருந்து எண்ணிப் பார்த்தேன். அந்தக் கட்டடத்தில் ஆகப் பெரிய எண்ணிக்கையில் இருப்பது உற்பத்திப் பிரிவுப் பெண்கள். நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களில் உற்பத்திப் பிரிவின் சட்டை அணிந்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கினார்கள். ஏற்பாடு செய்திருந்த மனிதவளப் பிரிவுப் பெண் என் வயதுக்காரர், நம் தமிழ்ப்பெண்தான். நல்ல மனத்தோடு இரண்டு மாதம் ஓடியாடி வேலை செய்திருந்தார். "லைனை நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லைங்க" என்றார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஆனால் அந்த வாக்கியத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பெண் ஊழியர் நலத்திட்டம் என்று எதைப் பெயரிட்டாலும், அது யாருடைய நேரத்தில் நடக்கிறது? கம்பெனியின் நேரத்திலா, அந்தப் பெண்ணின் தூக்கத்திலா?

இது நம் வீட்டுக் கதை

ஃபேக்டரிக்குப் போன பெண் ஒருவராவது இல்லாத தமிழ்க் குடும்பம் இந்த நாட்டில் குறைவு. அம்மா இல்லாவிட்டால் சின்னம்மா, அவர் இல்லாவிட்டால் அத்தை. பாயான் லெப்பாஸ், பிறை, கூலிம், சுங்கைப் பட்டாணி, ஷா ஆலம், கிள்ளான், பாசீர் கூடாங் என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே அதிகாலையில் தாமான் முனையில் நிற்கும் கம்பெனி பஸ் கண்முன் வரும். இன்று இன்ஜினியராகவும் கணக்காய்வாளராகவும் இருக்கும் நம்மில் பலருடைய டியூஷன் காசு, யாரோ ஒருவர் செய்த 'ஓடி'யில் இருந்து வந்தது.

1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் நாட்டின் முதல் தடையற்ற வாணிப மண்டலம் திறக்கப்பட்டது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அங்கேதான் தொடங்கியது. தலைமுடியைவிட மெல்லிய கம்பியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து சிப்பில் பொருத்தும் வேலைக்குக் கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அவர்களுக்கு 'மீனா காரான்' என்று ஊர் ஒரு கேலிப் பெயரும் வைத்தது.

பெண்களுக்கான நலத்திட்டமும் அப்போதே தொடங்கிவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? எழுபதுகளில் அந்த ஆலைகளைப் பார்த்து எழுதிய ஆய்வாளர்கள் அழகிப் போட்டிகளையும் ஒப்பனை வகுப்புகளையும் பதிவு செய்திருக்கிறார்கள். கண் வலிக்கிறது என்று சொன்ன பெண்ணுக்குக் கிடைத்தது லிப்ஸ்டிக் பூசும் பாடம். அதே காலத்தில் ஆலைகளில் பெண்கள் கூட்டமாக அலறி மயங்கி விழும் சம்பவங்கள் செய்தியாயின. ஆவி புகுந்துவிட்டது என்று போமோவை வரவழைத்தார்கள். சிலாங்கூர் கோல லங்காட்டில் ஆய்வு செய்த மானுடவியலாளர் ஐவா ஓங் 1987-இல் வெளியிட்ட நூலில் அதை வேறு விதமாகப் பார்த்தார். வாய் திறந்து சொல்ல முடியாத எதிர்ப்பு உடம்பின் வழியாக வெளிவந்தது என்பது அவருடைய வாதம். ஆவியோ இல்லையோ, உற்பத்தி லைன் நின்றது உண்மை. அந்தப் பெண்களுக்கு ஓய்வு கிடைத்ததும் உண்மை.

அழகிப் போட்டி போய் இப்போது சும்பா வந்திருக்கிறது. சும்பாவில் தவறில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் 12 மணி நேரம் நின்று வேலை செய்து முடித்த ஒருவரிடம் "வாங்க, ஆடலாம்" என்று சொல்வதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

தண்ணீர் குடிக்காத அத்தை

என் அத்தை ஒருவர் கிளீன்ரூமில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இன்றும் காலையில் தண்ணீர் குடிக்க மாட்டார். ஒரு நாள் கேட்டேன்.

"ஏன் அத்தை, ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சா என்ன?"

"பழகிப் போச்சும்மா. குடிச்சா போகணும். போனா எல்லாத்தையும் கழட்டணும்."

கிளீன்ரூமுக்குள் போகாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். தலைமூடி, முகக்கவசம், உடல் முழுக்க மூடும் ஜம்ப்சூட், கையுறை, பூட்ஸ் எல்லாவற்றையும் வரிசைப்படி போட்டு, காற்று வீசும் சிறு அறையைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். மனித உடலிலிருந்து ஒரு தூசி சிப்பின் மேல் விழக்கூடாது. கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்றி, போய்வந்து, மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும். அதற்கு முன்னால் மெஷினைப் பார்த்துக்கொள்ள ஒரு ரிலீவர் வேண்டும். ரிலீவர் இல்லாவிட்டால் லைன் லீடரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவருக்கோ அன்றைய டார்கெட் எண்ணிக்கை. இத்தனையையும் யோசித்து, பெண்கள் ஆக எளிய வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள்.

தண்ணீர் குறைந்து, சிறுநீரையும் அடக்கினால் சிறுநீர்ப்பாதைத் தொற்று வருவது எளிது. நீரிழிவு இருந்தால் இன்னும் எளிது. மாதவிடாய் நாள்களில் பேட் மாற்றவும் இதே சுற்றுதான். கர்ப்பிணிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இப்போது ஒரு கம்பெனி சுகாதார தினம் நடத்தி, "தினமும் எட்டு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள்" என்று போஸ்டர் ஒட்டி, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலும் கொடுக்கிறது என்று வையுங்கள். அந்தப் போத்தல் லாக்கருக்குள்தான் இருக்கும். கிளீன்ரூமுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. அதைவிட, ஒரு லைனுக்கு ஒரு ரிலீவரைக் கூடுதலாகப் போட்டால், போஸ்டர் ஒட்டாமலேயே தண்ணீர் குடிப்பார்கள். ஆனால் ரிலீவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். போத்தல் மலிவு.

எண்கள் சொல்வது

போத்தலும் உரையும் செயலியும் பலன் தருகின்றனவா என்று மற்ற நாடுகளில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு பெரிய விற்பனை நிறுவனத்தின் 160 கிளைகளில் ஏறக்குறைய 33,000 ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. சில கிளைகளில் நலத்திட்டம், மற்றவற்றில் இல்லை. ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோது, திட்டத்தில் இருந்தவர்கள் உடற்பயிற்சி செய்வதாகவும் எடையைக் கவனிப்பதாகவும் கூடுதலாகச் சொன்னார்கள். இரத்த அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு, வேலைக்கு வராத நாள்கள் எதிலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை.

2024-இல் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்களை ஆராய்ந்தார். மன அழுத்தம் குறைக்கும் வகுப்பு, தியானச் செயலி, மீள்திறன் பயிற்சி போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட நல்ல நிலையில் இல்லை என்பது அவர் கண்டது. ஆளை மாற்ற முயல்வதைவிட வேலை நேரத்தையும் வேலைச் சுமையையும் மாற்றுங்கள் என்பதே அதிலிருந்து அவர் எடுத்துச் சொன்ன பாடம்.

அவை நம் ஆலைகளில் நடந்த ஆய்வுகள் அல்ல. இருந்தாலும் என் அத்தையின் தண்ணீர்க் கணக்குக்கும் ஆக்ஸ்ஃபர்ட் கணக்குக்கும் விடை ஒன்றாகத்தான் வருகிறது.

அதற்காகப் பரிசோதனையே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் சமூகத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் அது 31.4 விழுக்காடு. அதே ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்துக்கு மூன்று பேருக்கு இரத்தசோகை. மாறி மாறி வரும் இரவு ஷிப்ட் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதை அமெரிக்கத் தாதியரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இரவு ஷிப்டைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் 2007-இல் சேர்த்தது, 2019-இல் அதை உறுதி செய்தது. ஏற்கெனவே நீரிழிவு வாசலில் நிற்கும் வீட்டுப் பெண், இரவில் விழித்து, விடியற்காலை 3 மணிக்கு நாசி லெமாவும் இனிப்பான தே தாரேவும் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று கம்பெனி கேண்டீன் குத்தகைக்காரரிடம் யாராவது கேட்டதுண்டா? இரவு ஷிப்டில் கேண்டீனில் என்ன விற்கிறார்கள் என்பதும் ஒரு நலத்திட்டம்தான்.

இடையில் ஒரு சிறு தகவல். சாப்பிட்ட உடனே தேநீர் குடிப்பது உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைக் குறைக்கிறது. இரத்தசோகை இருப்பவர்கள் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது. ஆனால் அரை மணி நேர பிரேக்கில் சாப்பாட்டையும் தேநீரையும் எப்படிப் பிரிப்பது? பாருங்கள், எங்கே சுற்றினாலும் நிமிடக் கணக்கில்தான் வந்து நிற்கிறோம்.

ஆயாக்கொட்டகையை மறந்துவிட்டோம்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆயாக்கொட்டகை தெரியும். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும் அம்மா, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் அங்கே விட்டுவிட்டுப் போவாள். அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பல இடங்களில் அது தகரக் கூரையும் துணித் தொட்டிலும் ஒரு வயதான ஆயாவும் மட்டும்தான். முதலாளிக்கு வெட்டு ஆள் குறையக்கூடாது என்பதுதான் கணக்கு. ஆனாலும், பிள்ளையை எங்கே விடுவது என்பது தாயின் தலைவலி மட்டுமல்ல, வேலை கொடுப்பவரும் பொறுப்பு என்ற ஒப்புதல் அந்தத் தகரக் கூரையில் இருந்தது. தோட்டங்களில் அது சட்டத்திலும் ஏறியது. தோட்டத்தை விட்டு ஃபேக்டரிக்கு வந்தபோது தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் நல்ல சம்பளமும் கிடைத்தன. ஆயாக்கொட்டகை மட்டும் கூட வரவில்லை.

2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகக் கூடியது. நல்ல மாற்றம். கணவருக்கும் 7 நாள் கிடைத்தது. 98 நாள் என்றால் 14 வாரம். குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று கிளினிக் தாதி சொல்லி அனுப்புகிறார். மூன்றேகால் மாதத்தில் வேலைக்குத் திரும்பும் ஓப்பரேட்டர் மிச்ச மாதங்களை எப்படிச் சமாளிப்பார்? பால் எடுக்க ஜம்ப்சூட்டைக் கழற்ற வேண்டும். ஓர் அறை வேண்டும், குளிர்பதனப் பெட்டி வேண்டும், ஷிப்டுக்கு இரண்டு மூன்று முறை கால் மணி நேரம் வேண்டும். அலுவலகப் பெண்களுக்கான பாலூட்டும் அறையைச் சில கம்பெனிகள் அழகாக அமைத்திருக்கின்றன. அறை இரண்டாவது மாடியில், மெத்தை நாற்காலியோடு இருக்கும். உற்பத்திப் பிரிவிலிருந்து அங்கே போய்த் திரும்பவே பிரேக் முடிந்துவிடும்.

அதே சட்டத் திருத்தத்தில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வேலை வரம்பு 45 ஆனது. இன்னொரு மாற்றத்தை அதிகம் பேர் கவனிக்கவில்லை. இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை பெண்களை ஆலைகளில் வேலை வாங்கக்கூடாது என்று பழைய சட்டம் சொன்னது. ஆலைகள் அதற்கு விலக்கு வாங்கித்தான் இரவு ஷிப்ட் நடத்தின. அந்தப் பிரிவு இப்போது இல்லை. பெண்ணுக்கு மட்டும் ஏன் தடை என்ற கேள்வி நியாயமானது, நீக்கியதும் சரிதான். ஆனால் அதே பிரிவுக்குள், அடுத்த வேலை நாளைத் தொடங்குமுன் பெண்ணுக்குத் தொடர்ந்து 11 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்ற வரியும் இருந்தது. அதுவும் சேர்ந்து போய்விட்டது. ஆண்களுக்கும் அந்த 11 மணி நேரத்தைக் கொடுத்துச் சமமாக்கியிருக்கலாம் என்பது என் எண்ணம். எடுத்துவிட்டுச் சமமாக்கிவிட்டார்கள்.

போய்ப் பார்க்க ஒரு நாள், வெட்டப்படும் அலவன்ஸ்

மமோகிராமுக்கும் கருப்பை வாய்ப் பரிசோதனைக்கும் வசதி இல்லை என்று சொல்ல முடியாது. பெர்கேசோ, நம் வழக்கில் சொக்சோ, 40 வயதைத் தொட்ட சந்தாதாரர்களுக்கு 2013-இல் இலவச மருத்துவப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண்களுக்கு அதில் மமோகிராமும் உண்டு. பெரும் எண்ணிக்கையில் பற்றுச்சீட்டுகள் அனுப்பப்பட்டன, பயன்படுத்தப்படாமல் போனவை ஏராளம். நம் பெண்களுக்கு அக்கறை இல்லை, பயம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பயமும் இருக்கிறதுதான்.

அந்தப் பயத்துக்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. நோய் வந்தால் சட்டப்படி விடுப்பு உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 14 நாள், ஐந்து வருடம் வரை 18, அதற்கு மேல் 22. ஆனால் நோய் வருமுன் சோதித்துக்கொள்ளப் போனால் எம்.சி. கிடைக்காது. ஆண்டு விடுப்பை எடுக்க வேண்டும். அது தீபாவளிக்கும் பிள்ளையின் பள்ளிக் காரியத்துக்கும் என்று ஒதுக்கி வைத்தது. சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் அன்றைய சம்பளத்தோடு, மாதம் முழுக்க வந்தால் கிடைக்கும் வருகை அலவன்ஸும் பல கம்பெனிகளில் போய்விடும். அந்த அலவன்ஸை நம்பித்தான் மோட்டார் சைக்கிள் தவணை ஓடும். இலவசப் பரிசோதனை இப்படித்தான் செலவாகிவிடுகிறது.

இதை ஒரே கையெழுத்தில் மாற்றலாம். வருடத்துக்கு ஒரு பரிசோதனை நாள், அலவன்ஸை வெட்டாமல். பெண்களை உட்கார வைத்து விழிப்புணர்வு உரை ஆற்றுவதைவிட இது கூடுதலான பேரைக் கிளினிக் வாசலுக்குக் கொண்டுபோகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் குறைந்த நேரமே பிடிக்கும் வழியும் வந்துவிட்டது. மலாயாப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய அமைப்பொன்றும் சேர்ந்து 2018-இல் தொடங்கிய ரோஸ் திட்டத்தில், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமியைக் கண்டறியும் மாதிரியைப் பெண் தானே எடுத்துக்கொள்ளலாம். மருத்துவர் முன் படுக்க வேண்டியதில்லை. மெல்லிய குச்சி ஒன்றைக் கழிவறைக்குள் எடுத்துப்போய், சில நிமிடங்களில் மாதிரியை எடுத்துக் கொடுத்துவிட்டு வரலாம். முடிவு கைப்பேசிக்கு வரும். பேப் ஸ்மியர் என்றாலே கூச்சத்தில் பத்து வருடம் தள்ளிப்போட்ட பெண்களுக்கு இது பெரிய விடுதலை. அரசாங்கக் கிளினிக்குகளிலும் 30 வயதுக்கு மேற்பட்டவர்கள் எச்.பி.வி. பரிசோதனை பற்றிக் கேட்கலாம். ஒரு கம்பெனி மனம் வைத்தால், ஒரு லைனில் உள்ள எல்லாருக்கும் 15 நிமிட இடைவெளிகளில் ஒரே ஷிப்டில் இதைச் செய்து முடித்துவிட முடியும். இரவு ஷிப்டிலும்தான். தேவை ஒரு ரிலீவர்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் உண்டு. 2007-இல் தொடங்கிய ஹெர்பிராஜெக்ட் என்ற திட்டம் வங்காளதேசம், இந்தியா, வியட்நாம் போன்ற நாடுகளின் ஆலைகளில் நடந்தது. வெளியிலிருந்து நிபுணர் வந்து பேசிவிட்டுப் போகும் முறை அதில் இல்லை. லைனில் வேலை செய்யும் பெண்கள் சிலரையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் பக்கத்தில் நிற்கும் தோழிகளுக்கு மாதவிடாய், இரத்தசோகை, குடும்பக் கட்டுப்பாடு பற்றிச் சொன்னார்கள். நம்மூர் ஆலைகளில் இதற்கு இன்னொரு பயனும் இருக்கும். கம்பெனி உரை மலாயிலோ ஆங்கிலத்திலோ நடக்கும். வெள்ளைப்படுதல் என்பதை மலாயில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாய் மூடி இருக்கும் அக்கா, பக்கத்து மெஷின் தமிழ்ப்பெண்ணிடம் கேட்பார். நேப்பாளத்திலிருந்து வந்த பெண் தன் மொழியில் கேட்பாள்.

வீட்டில் இருக்கும் ஷிப்ட்

கம்பெனியை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் என் நேயர்கள் என்னை விடமாட்டார்கள். காலை நிகழ்ச்சிக்கு அழைக்கும் இரவு ஷிப்ட் அக்காமார்கள் பஸ்ஸிலிருந்து பேசும்போது, "இனிமேல் போய்த் தூங்கப் போறீங்களா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். வீட்டுக்குப் போய்ச் சமைக்க வேண்டும், துணி போட வேண்டும், சின்னவனைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். படுக்கும்போது பதினொன்றாகிவிடும். இரண்டு மணிக்குப் பிள்ளை வந்து கதவைத் தட்டும். ஆண் இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கிறோம். "அப்பா தூங்குறாரு" என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். அம்மா தூங்கும்போது அதே வீட்டில், "அம்மா, என் காலுறை எங்கே?" என்ற குரல் கேட்கிறது.

கணவர்கள், வளர்ந்த பிள்ளைகள் படிக்கும் பக்கம் இது என்பதால் ஒன்று கேட்கலாம். இரவு ஷிப்ட் வாரத்தில் அவருடைய ஏழு மணி நேரத் தூக்கத்துக்கு யார் காவல்? கறுப்புத் திரைச்சீலை ஒன்று, முதல் நாளே சமைத்து வைத்த குழம்பு, அண்டை வீட்டில் சொல்லி வைப்பது. இதற்கு எந்தக் கம்பெனியின் அனுமதியும் தேவையில்லை.

யார் கேட்பது?

உற்பத்திப் பிரிவில் மேற்பார்வையாளராகவோ இன்ஜினியராகவோ மனிதவள அதிகாரியாகவோ இருக்கும் இளையர்கள் இதைப் படித்தால், உங்கள் கையில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று, 2023 முதல் நடப்பில் உள்ள வளைந்துகொடுக்கும் வேலை ஏற்பாடு. ஊழியர் எழுத்து மூலம் நேரத்தையோ நாளையோ மாற்றிக் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் தர வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கான சலுகை என்றே இதைப் பலர் நினைக்கிறார்கள். பிள்ளையின் பள்ளி நேரத்துக்காக ஷிப்டை மாற்றக் கேட்கும் ஓப்பரேட்டருக்கும் இதே உரிமைதான். கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது. ஆனால் வாய்மொழியில் "முடியாது" என்று முடித்துவிடவும் முடியாது.

இரண்டாவது, இன்னும் வலுவானது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருக்க வேண்டும் என்கிறது 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். 100 பேருக்கு மேல் என்றால் ஊழியர் தரப்பிலிருந்து குறைந்தது நான்கு பேர் அதில் உட்கார வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். பெரும்பாலான ஆலைகளில் இந்தக் குழு பேசுவது தீயணைப்புக் கருவி, ஃபோர்க்லிஃப்ட் வழித்தடம், பாதுகாப்புக் காலணி. எல்லாம் தேவையானவைதான். ஆனால் சட்டத்தின் பெயரில் சுகாதாரமும் இருக்கிறது. நாள் முழுக்க நின்று செய்யும் வேலைக்கும் உட்கார்ந்து செய்யும் வேலைக்கும் தனித்தனி வழிகாட்டிகளை வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2002-லும் 2003-லும் வெளியிட்டது. அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போய், கியூசி மேசைக்குச் சாய்வு நாற்காலி கேட்க முடியும்.

குழு உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியல் நோட்டீஸ் போர்டில் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். இல்லாவிட்டால் மனிதவளப் பிரிவில் கேளுங்கள். இருந்தால், அந்தப் பெயர்களில் ஷிப்டில் நிற்கும் பெண் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒருவரும் இல்லையென்றால், அடுத்த முறை ஊழியர் பிரதிநிதிகளை நியமிக்கும்போது உங்கள் லைனிலிருந்து ஒரு அக்காவின் பெயரைக் கொடுங்கள். அவர் கொண்டுபோகும் முதல் கோரிக்கை நாற்காலியாகவோ மமோகிராமாகவோ இருக்க வேண்டியதில்லை. ஒரு லைனுக்கு ஒரு கூடுதல் ரிலீவர், இரவு ஷிப்டுக்கும் சேர்த்து.